ஆலாக்களை எழுப்பக் கூடாது

கோடையில் அந்துப்பூச்சி பார்க்க விரும்புகிறவர்கள் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. எத்தாளையில் என் வீட்டு வெளிச்சுவர் வெள்ளை. மின்குமிழைத் தேடி வந்தவை விடிந்த பிறகும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். பல்லிகள் மிச்சம் வைத்தவற்றை நான் பார்ப்பேன். பிறகு தேநீர். அதன் பிறகு கடற்கரைக்குப் போய்த் தொலைநோக்கியில் ஆலாப் பறவைகளைப் பார்ப்பேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஒழுங்கான மனிதன் என்பது உங்கள் பொலிஸ் பதிவில் இருக்க வேண்டும். பல வருடம் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியவன். கண்டதைத்தான் எழுதினேன். இப்போதும் கண்டதைத்தான் சொல்கிறேன். சிங்களத்தில் மாற்றுகிற தம்பி அவசரப்படத் தேவையில்லை.

சோளகக் காற்று தொடங்கும் காலத்தில் சின்ன ஆலாக்கள் கரைக்குப் பக்கத்து மணல்திட்டில் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கிடையாது. மணலில் ஒரு சின்னக் குழி, மணல் நிறத்திலேயே முட்டை. அதைவிடச் சுத்தமான குடியிருப்பை நான் கண்டதில்லை.

திட்டுக்கு எதிரே கரையில் அல்பொன்சாவின் வாடிக் கொட்டில். கருவாடு போடுகிறவள். புருஷன் யோசேப்பு கடலுக்குப் போனால் அவளும் மகள் ஷானிகாவும்தான். மீன் குடலை அப்படியே கரையில் கொட்டுவாள். வெயில் ஏற அது நுரைத்துக் கொப்பளிக்கும். அதன்மேல் ஈக்கள் கறுப்புத் துணி விரித்தது போல அசையும். குடல் அளைந்த கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அதே கையால் பாணைப் பிய்த்து மகளுக்குக் கொடுப்பாள். குடல் தின்ன வரும் சொறிநாய்கள் நீர் வற்றும் நேரத்தில் திட்டுக்கு நடந்துபோய் முட்டைகளையும் தின்னும்.

நான் மரியாதையாகத்தான் கதைத்தேன். குடலைப் புதைக்கச் சொன்னேன்.

"என்ன பேப்பர் ஐயா, அந்தக் குழலுக்குள்ள இன்னும் ஒரு பொம்பிளையும் மாட்டேல்லையா?" என்றாள். ஷானிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான் முட்டையைப் பற்றிக் கதைக்கிறன், அல்பொன்சா."

"ஓம், ஓம். எனக்கு மீன் வெட்டவே ரெண்டு கை காணாது. உங்கட குருவிக்கு வேணுமெண்டா நீங்களே வந்து கிடங்கு வெட்டுங்கோ. மம்பட்டி தாறன். கூலி மட்டும் கேக்கக் கூடாது."

எனக்குக் கோபம் வரவில்லை. சட்டையில் அந்த நாற்றம் ஏறியிருந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு முறை குளித்தேன்.

பிறகொரு நாள் நௌஃபரிடம் போனேன். மிளகாய்த் தோட்டக்காரன். புழுக்களுக்கு மருந்து அடிக்கிறவன். அந்தப் புழுக்கள்தான் வளர்ந்து என் சுவருக்கு அந்துப்பூச்சியாக வருபவை என்பதால் அவனோடு கதைப்பதையே விட்டிருந்தேன். அன்று கதைத்தேன், கொஞ்சம் மருந்து கேட்டேன்.

"பொல்லாத சாமான் ஐயா. கையில பட்டா சவுக்காரம் போட்டுக் கழுவுங்க," என்றான். என் வீட்டில் எலி என்று நம்பினான். அவன்மேல் குற்றம் எழுத வேண்டாம்.

சாளை மீனை அல்பொன்சாவிடமே வாங்கினேன். மருந்தில் ஊறவிட்டு, மறுநாள் காலை நாய்கள் நடக்கும் வழியில் போட்டேன். தாழம்பற்றைக்குள் தொலைநோக்கியோடு காத்திருந்தேன்.

நாய்கள் வரவில்லை. வெயில் ஏறிய பிறகு அல்பொன்சா வந்தாள். மீனைக் கண்டு நின்றாள்.

"சாமான் விக்கிற விலைக்கு, மீனைக் கொட்டிக்கொண்டு போறானுகள் குருட்டுப் பயலுகள்!"

யாரோ கூடையிலிருந்து சிந்தியது என்று நினைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, குடல் மிதக்கும் தண்ணீரில் அலசி, பாவாடை மடியில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு நாற்றத்துக்குள் மருந்து எங்கே மணக்கப்போகிறது? அவளுடைய நகங்களில் ஒட்டிய செதில்கூட எனக்குத் தெரிந்தது.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் ஆலாக்கள் அடைகாக்கும் இடத்தில் சத்தம் போடக் கூடாது. பறவை பார்க்கிற எவரும் இதைச் சொல்வார்கள். தாய் எழும்பினால் அந்த வெயிலில் முட்டை சொற்ப நேரத்தில் அவிந்துவிடும். ஒரு பக்கம் முட்டைகள், மறுபக்கம் ஒரு சட்டி கறி. பின்னேரம் போய்ச் சொல்லலாம் என்று முடிவெடுத்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன்.

பின்னேரம் போனேன். அல்பொன்சாவின் மூச்சு அடங்கிவிட்டிருந்தது. ஷானிகாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாய் முழுக்க வாந்தி, அதற்குள் சாளைத் துண்டுகள், அவற்றின்மேல் ஈக்கள். நான் லேஞ்சியால் மூக்கை மூடிக்கொண்டேன்.

"ஐயா, என்னத்தச் சாப்பிட்டதுகள் எண்டு தெரியுமா? ஆஸ்பத்திரியில கேப்பாங்கள்," என்றான் ஓட்டோக்காரன்.

தெரியாது என்றேன். பிள்ளை வழியிலேயே போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. நான் சத்தம் போடாமல் இருந்த அந்த நேரம் திட்டில் எத்தனை முட்டைகள் இருந்தன?

ஒன்றும் இல்லை. அதற்கு முதல் நாளே நாய்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டன. ஆலாக்களும் போய்விட்டன. அதனால்தானே நான் நௌஃபரிடம் போனேன்.