பூண் போட்ட தடியும் ஒரு 'ஏனுங்க'வும்

காரமடைச் சாலையில் சைக்கிள் ஓட்ட மாசியைப் போல் நல்ல மாதம் கிடையாது. மழை இருக்காது, எதிர்காற்று இருக்காது, தேர்த் திருவிழாவுக்காகப் பள்ளங்களில் மண் கொட்டி நிரவியிருப்பார்கள். இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குச் சைக்கிள் பழக்கமில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

என் பெயர் குமாரசாமி. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ச் சைக்கிள் சங்கத்துக்குக் காரியதரிசியும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லாறு வரை மிதித்துப் போய், அங்கே உப்புமா சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதுதான் சங்கத்தின் தலையாய பணி. அதற்கு மேல் யாரும் எதையும் யோசித்ததில்லை. யோசிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

நான் யோசித்தது இதுதான். மாட்டு வண்டியில் போகிறவன் கையில் சாட்டை இருக்கிறது. நடந்து போகிறவன் கையில் குடையாவது இருக்கிறது. சைக்கிளில் போகிறவனுக்கு இரண்டு கையும் ஹேண்டில்பாரில். வழிப்பறிக்காரன் குறுக்கே வந்தால் மணியடித்தா விரட்டுவது? ஆகவே உறுப்பினர் ஒவ்வொருவரும் இரும்புப் பூண் போட்ட தடி ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். கொல்லரிடம் சொல்லி மாதிரிக்கு ஒன்று செய்தும் எடுத்துப்போனேன்.

சைக்கிள் கடை ஜபருல்லா அதைத் தன் வண்டியில் கட்டிப் பார்த்துவிட்டு, "முழங்கால் இடிக்குதுங்களே" என்றார். அவருக்கு உயிரைவிட முழங்கால் பெரிதாகப் பட்டது. இன்னொருவர், இந்தச் சாலையில் வழிப்பறியே நடந்ததில்லையே என்றார். இதுவரை நடக்காததால் இனியும் நடக்காது என்று முடிவு கட்டும் மேதைகள் எங்கள் சங்கத்தில் அதிகம். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது திருமலைசாமி பேச எழுந்தபோதுதான்.

திருமலைசாமி என் தங்கை தெய்வாத்தாளின் கணவர். காரமடையில் மளிகைக் கடை, வீடு எங்கள் ஊரில். பொழுது சாயும் நேரத்தில் தன்னந்தனியாகச் சைக்கிளில் வீடு திரும்புகிறவர். தடி யாருக்கு முதலில் வேண்டுமோ அவருக்கே வேண்டாமாம்.

"மச்சான் சொன்னாத் தப்பா இருக்காதுங்க," என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "ஆனா நம்ம பக்கத்துல தடி எதுக்குங்க? எதுக்க வாரவன் திருடனாவே இருக்கட்டும். 'ஏனுங்க'ன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா, 'சொல்லுங்க'ன்னு நின்னுபோடுவான். நின்னவன் அப்புறம் எப்படீங்க அடிப்பான்? எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமுங்க."

உப்புமா புரையேறும் அளவுக்குச் சிரித்தார்கள். தீர்மானம் தோற்றது. அதோடு விட்டார்களா? மண்டிப் பக்கம் போகிறவன் வருகிறவனெல்லாம் வாசலில் நின்று "ஏனுங்க" என்பான். நான் நிமிர்ந்து பார்த்தால், "தடிய எடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். என் வீட்டு விசேஷத்தில் என் தங்கையே பந்தியில் இலை போட்டபடி அதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

திருமலைசாமியைக் கொல்ல வேண்டும் என்று நான் கிளம்பவில்லை. இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய நன்மைக்காகவே கிளம்பினேன். ஒரே ஒரு முறை நன்றாகப் பயந்துவிட்டால், மறுநாளே தடி கேட்டு என் மண்டி வாசலில் வந்து நிற்பார் என்று நம்பினேன். அப்படியானால் தடியை எதற்குக் கொண்டுபோனீர் என்று கேட்கிறீர்கள். தனியாகப் போகும்போது தற்காப்புக்கு ஒன்று வேண்டும் என்றுதானே இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாலையோரக் கள்ளி வேலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அவருடைய சைக்கிள் தெரிந்ததும் குறுக்கே பாய்ந்து ஹேண்டில்பாரில் ஒரு தட்டுத் தட்டினேன். வண்டியோடு விழுந்தார். எழுந்தவர் ஓடவில்லை, கத்தவும் இல்லை. முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ஏனுங்க" என்றார்.

நான், "சொல்லுங்க" என்றேன்.

அது என் தவறில்லை. ஐயா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் இது விளங்காமல் போகலாம். எங்கள் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் காதில் அந்த வார்த்தை விழுந்தால், வாய் தன்பாட்டுக்குப் பதில் சொல்லிவிடும். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றுவிட்டது.

அவர் துண்டுக்கு மேலே தெரிந்த என் கண்ணை உற்றுப் பார்த்தார். "மச்சானுங்களா?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அட, நான் பயந்தே போயிட்டனுங்க. ஆனா பாத்தீங்களா, நின்னுபோட்டீங்க. ஞாயித்துக்கெழம சங்கத்துல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. வாங்க, ஊட்டுல உங்க தங்கச்சி சந்தகை புழியறேன்னுச்சு, சாப்பிட்டுப்போட்டுப் போவீங்க."

சொல்லிக்கொண்டே சைக்கிளைத் தூக்கக் குனிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் மானம் முழுவதும் அப்போது அவர் வாயில் இருந்தது. அந்த மாதிரி இக்கட்டில் எந்த மனிதனும் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவர் நிமிர்வதற்கு முன் அடித்தேன். கீழே விழுந்த பிறகும் உதடு அசைந்தது. மறுபடியும் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவாரோ என்று இன்னொரு முறை அடித்தேன்.

வந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. என் தீர்மானத்தை ஜபருல்லாவே எழுந்து மறுபடி முன்மொழிந்தார். முழங்காலைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்றைக்கு எங்கள் சங்கத்தில் தடி இல்லாத சைக்கிளே கிடையாது. இந்த ஜில்லாவில் சைக்கிள்காரர்களின் பாதுகாப்புக்கு என்னைவிட அதிகம் செய்தவர் உண்டா என்று நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

தெய்வாத்தாள்தான் காரியத்தைக் கெடுத்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "'ஏனுங்க'ன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா அவர உட்டிருப்பாங்களே, அதுக்குக்கூட நேரமில்லாமப் போச்சே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மனிதர் போய்ச் சேர்ந்த பிறகும் அவருடைய கட்சியே பேசப்பட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பது?

"கூப்பிட்டாரு அம்மணி," என்றேன். "கூப்பிட்டும் ஒண்ணும் ஆகலை."

அவள் அழுகை நின்றது. "அது உங்களுக்கு எப்படீங்கண்ணா தெரியும்?" என்றாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

நான் எதையும் மறுக்கவில்லை. என் தங்கையின் கணவர் திருமலைசாமியைக் கொன்றது நான்தான். அந்தத் தடியால்தான் கொன்றேன். கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அதற்கு முன் ஓர் இடத்தை மட்டும் திருத்த வேண்டும். அவர் 'ஏனுங்க' என்றதும் நான் நின்றதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை அடித்துவிடுங்கள். கோர்ட்டில் இதை வாசிக்கும்போது சங்கத்துக்காரர்கள் எல்லோரும் வந்திருப்பார்கள். சிரிப்பார்கள்.