இடது காதுக் கல்

மேடையில் இருக்கும் மன்றத் தலைவர் யோகம் அக்கா அவர்களே, தக்சாயினியின் கணவர் ஐங்கரன் அண்ணை அவர்களே, வுப்பர்டால் நகரின் இந்த மண்டபம் கொள்ளாமல் நிற்கும் உறவுகளே, உங்கள் துயரத்தோடு என் துயரத்தையும் சேர்க்கிறேன். கலாநிதி தக்சாயினி அவர்களுடன் ஆறு வருடம் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் நான். அவர் போய் ஒன்பது நாள். மன்னியுங்கள், என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

கலாநிதி செய்த வேலை என்ன? பால்டிக் கடற்கரையில் கடல்நாய்களின் எச்சத்தைப் பொறுக்கினார்! அதை அரித்தால், அவை தின்ற மீன்களின் காதுக்குள் இருந்த சிறு கற்கள் மிஞ்சும். கடல்நாய் எவ்வளவு தின்கிறது, மனிதர் எவ்வளவு பிடித்தால் கடலில் மீன் மிஞ்சும் என்று அவற்றை வைத்தே கணக்கிட்டார். ஐங்கரன் அண்ணை, புட்டு மா அரிக்கும் அரிதட்டை எத்தனை மாதம் தேடினீர்கள்? அது எங்களிடம்தான் இருக்கிறது. தயவுசெய்து திருப்பிக் கேட்காதீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன், ஹெரிங் மீனைக் கடல்நாய்கள்தான் தின்று தீர்க்கின்றன என்று எங்கள் அறிக்கை போனது. அவற்றைச் சுட வேண்டும் என்று மீனவர்கள் கொதித்தார்கள். ஆனால் அறிக்கை பிழை! ஒரு மீனுக்கு இரண்டு காதுக் கற்கள். இடதை மட்டும் எண்ண வேண்டும். எண்ணியவர் இரண்டையும் எண்ணி, ஒரு மீனை இரண்டாக்கிவிட்டார்.

கலாநிதி என்ன செய்தார்? துறைமுக மண்டபத்தில் மீனவர்கள் முன் எழுந்து, பிழை தன்னுடையது என்றார். ஏச்செல்லாம் வாங்கினார். திரும்பும்போது காரில் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னார்: "அழுதது காணும், போதும். நாளைக்கு வாரும், இடது கல்லை மட்டும் திரும்ப எண்ணுவம்."

பக்கத்தில் இருந்தவன் யார்? இந்த அருட்பிரகாசம்தான், உறவுகளே! எண்ணியவனும் நான்தான். அது அவருக்குத் தெரியும்; அவர் இருக்கும்போதே மற்றவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இந்தக் குளிர்காலத்து மாதிரிகள் நாற்பத்தொரு பை, எண்ணாமல் உறைபெட்டியில் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் எண்ணி, மீன்பிடி அதிகாரிகளுக்குக் கணக்கை அனுப்பாவிட்டால், அடுத்த ஆண்டு எவ்வளவு பிடிக்கலாம் என்பதைப் பழைய கணக்கை வைத்தே தீர்மானிப்பார்கள். அதற்காகவா அவர் பனியில் குனிந்து குனிந்து பொறுக்கினார்?

ஆகவே சாப்பாட்டுக்கு நிற்கமாட்டேன், யோகம் அக்கா, குறை நினைக்காதீர்கள். நாலு மணிக்கு ரயில். நாற்பத்தொரு பையையும் எண்ணி முடிப்பேன். அறிக்கையின் கடைசியில், பிழைகளுக்குப் பொறுப்பானவர் என்று ஒரு வரி இருக்கும். இதுவரை அங்கே அவர் பெயர்தான். இம்முறை என் பெயரை எழுதுவேன். பிறகு அதே துறைமுக மண்டபத்துக்குப் போய், அன்று எண்ணியவன் யார் என்று மீனவர்களிடம் சொல்வேன்.