வீட்டுக்கு விட்ட இரண்டு வரி

புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன் ஆசனத்தில் ஓர் அக்காவும் யாழ்ப்பாணத்திலிருந்து அன்று காலை வந்திறங்கிய தம்பியும் இருந்தார்கள். தம்பியின் மடியில் ஒரு பை நிறையப் பச்சை மிளகாய்.

“மிளகாய்ச் செடியில பூஞ்சணத்துக்கு அடிக்கிற மருந்தை வைரசுக்கு அடிச்சனியோ?” என்று அக்கா கேட்டதும், நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினேன்.

“வைரசைக் கொல்லாதாம் அக்கா. செடி தானாவே எதிர்த்து நிக்க உதவலாமாம். விவசாயப் போதனாசிரியர் சொன்னவர்.”

“அவரோ, மருந்துக் கடைக்காரனோ?”

“ரெண்டு பேரும்.”

“அதுதானே பார்த்தன். கடைக்காரன் சொன்னா நீ கடலுக்கும் அடிப்பாய்.”

“போன போகம் இலை சுருண்டு முழுத் தோட்டமும் போனது. இந்த முறையும் போனா, காணியை விட்டிட்டு உங்கட ஃப்ளாட்டில வாட்ச்சரா வந்து நிக்கவேண்டியதுதான்.”

“விசர்க்கதை கதையாதை. முழுக்க அடிச்சிட்டியோ?”

“இல்லை. வீட்டுச் சமையலுக்கெண்டு ரெண்டு வரிச் செடிக்கு அடிக்காமல் விடுறனாங்கள்தானே.”

அக்காவின் குரல் இளகியது.

“அப்ப எனக்குக் கொண்டுவந்தது அந்த ரெண்டு வரியில ஆய்ஞ்சது, என்ன?”

பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது தம்பி பையை அக்காவின் பக்கம் நகர்த்தினார்.

“அந்த ரெண்டு வரியும் சுருண்டிட்டுது அக்கா. ஒரு காய்கூட இல்லை. இது அடிச்ச பக்கத்துக் காய். அடிச்சு ரெண்டு கிழமை விட்டுத்தான் ஆய்ஞ்சனான்.”

அக்கா பையிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார்.

“நல்ல வடிவாத்தான் இருக்கு,” என்றார். “அதுதான்ரா எனக்குப் பயமாக் கிடக்கு.”