உள்ளங்கையில் ஏறிய கட்டை

ஓடுகிறோம். பின்னால் கலவரக்காரர்கள் வைத்த தீயில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரங்கள் படீர் படீரென்று வெடிக்கின்றன. எண்பத்து மூன்று, ஜூலை மாதக் கடைசி. இலங்கை மலையகத்தில் பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். இன்னும் இருட்டவில்லை.

"பாதையில போகாதீங்க. கவ்வாத்து மலைக்குள்ள எறங்குங்க." என் அண்ணன் செல்லையா கத்துகிறார்.

அப்போதுதான் கவ்வாத்து வெட்டிய மலை. கிளையெல்லாம் நறுக்கி, தேயிலைச் செடியெல்லாம் முழங்கால் உயரக் கட்டை. முனையெல்லாம் கூர். அங்கேதான் என் வீட்டுக்காரர் முத்தையா விழுந்தார். கையை ஊன்றினார். கட்டை உள்ளங்கையில் ஏறியது. தேயிலைத்தூளை அப்பிக் கட்டினேன். மலையில் எல்லோரும் செய்வதுதான்.

காட்டோரத்தில் ஒளிந்திருந்தோம். கைப்புண் மேலே மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவருக்குக் காய்ச்சல். உடம்பு தூக்கிப் போடுகிறது. அந்த வாரம் யாருக்குத்தான் காய்ச்சல் இல்லை? பயந்த காய்ச்சல் என்றார்கள். பூசாரி திருநீறு போட்டுக் கயிறு கட்டினார். இடுப்பு வலிக்கிறது என்றார் இவர். விழுந்ததில் சுளுக்கு என்று அண்ணன் எண்ணெய் போட்டு நீவினார். நீவ நீவ இவர் அலறினார். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. சுளுக்கெடுப்பதில் அண்ணனுக்குப் பெரிய பேர். அந்தப் பேரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவம், அவரும் அழுதுகொண்டேதான் நீவினார்.

டவுனுக்குக் கொண்டுபோகப் பயம். தமிழ் ஆட்களை பஸ்ஸிலிருந்து இறக்கி அடிப்பதாகப் பேச்சு. பாதையில் கலவரம் அடங்கிய பிறகு கம்பளியில் தூளி கட்டித் தூக்கிப் போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் இடுப்பில் ஊசியை விட்டு இழுத்தார். சீழ் வந்தது. மஞ்சளாக, கெட்டியாக.

"கையில பூந்த கிருமி ரத்தத்தோட போய் இடுப்பு மூட்டுல உக்காந்திருச்சும்மா. பெரிய ஆளுங்களுக்கு இப்படி வர்றது அபூர்வம். முதல்லயே வந்திருந்தா..."

மருந்து ஏற்றினார்கள். இடுப்பைக் கீறிக் கழுவினார்கள். அதற்குள் விஷம் உடம்பெல்லாம் பரவிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார். அந்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்க்கிற மாதிரி பெரிய தழும்புகூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் எரிந்தது ஒரு லயம். குடும்பத்துக்கு ஒரு அறையாகப் பன்னிரண்டு காம்பிரா. கட்டுத்தறியில் கருகிய பசு இரண்டு. ஆள் சேதம் இல்லை என்கிறார்கள். காய்ச்சலில் செத்தவரைக் கலவரக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

நான் சேர்க்கிறேன். ஆள் ஒன்று. பெயர் முத்தையா.