முப்பத்தெட்டுக் கல்லில் எது ஆடும்?

சைக்கிள்காரி: கடப்பாரையைக் கீழ வைங்கண்ணே! அந்தக் கல்லுல கை வெக்காதீங்க!

கல்காரர்: ஏம்மா, கல்லுக்கு வலிக்குமா?

சைக்கிள்காரி: விளையாடாதீங்க... இருங்க... மூச்சு வாங்கிக்கிறேன்.

கல்காரர்: மலையை ஆறு சுத்து சுத்தி, உலகத்துக்கே முதலா வந்த ஆளு. இந்த மேட்டுக்கு மூச்சு வாங்குதா?

சைக்கிள்காரி: அது சைக்கிள்ல வந்தது. இது வெறும் சாக்ஸோட ஓடி வந்தது.

கல்காரர்: மெடல் எங்க? காட்டுங்க பார்ப்போம். கடிச்சுப் பார்த்தீங்களா?

சைக்கிள்காரி: எங்கேருந்து கடிக்கிறது? மேடையில தட்டுல இருக்கு, கழுத்துக்கு வரல. புகார் குடுத்துட்டாங்க.

கல்காரர்: யாரு மேல?

சைக்கிள்காரி: நம்ம மேல.

கல்காரர்: நம்ம மேலயா! நீங்க யாரு, நான் யாரு? நான் இந்த இறக்கத்துல கல்லு பதிச்சவன். நீங்க யாரோ சைக்கிள்காரம்மா. உங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.

சைக்கிள்காரி: அப்படியா? முந்தாநாள் காலையில பத்திரிகைக்காரின்னு ஒருத்தி வந்தாளே?

கல்காரர்: ஆமா, வந்தாங்க. நோட்டு இல்ல, பேனா இல்ல. முட்டி ரெண்டுலயும் சிராய்ப்பு. பத்திரிகையில என்னம்மா வேலைன்னு கேட்டேன். 'எழுதுற வேலை'ன்னாங்க.

சைக்கிள்காரி: அது நான்தான்.

கல்காரர்: அடேயப்பா! கண்டுபிடிக்கவே முடியலையே!

சைக்கிள்காரி: நடிக்காதீங்கண்ணே. அன்னிக்கு உங்ககிட்ட என்ன கேட்டேன்?

கல்காரர்: மழை வருமான்னு கேட்டீங்க.

சைக்கிள்காரி: அதுக்கப்புறம்?

கல்காரர்: அதுக்கப்புறம்... இங்க பதிச்ச முப்பத்தெட்டு கல்லுல எது ஆடும்னு கேட்டீங்க.

சைக்கிள்காரி: நீங்க?

கல்காரர்: மழை வராதுன்னேன்.

சைக்கிள்காரி: அண்ணே!

கல்காரர்: சரி, சரி. ஏழாவது கல்லு ஆடும், ஒதுங்கிப் போங்கன்னேன். இப்ப அதுக்கென்ன?

சைக்கிள்காரி: நெட்டச்சி தெரியும்ல, இன்னிக்கு ரெண்டாவது வந்தவ? நீங்க ஏழாவது கல்லைக் கை காட்டினதை அவளோட கோச் மரத்துக்குப் பின்னாடி நின்னு பார்த்திருக்காரு. 'தடத்துல வேலை செய்யிற ஆளு இவளுக்கு மட்டும் ரகசியம் சொல்லிட்டாரு'ன்னு எழுதிக் குடுத்துட்டாரு. நடுவர் வந்துக்கிட்டு இருக்காரு. அந்தக் கல்லை ஆட்டிப் பார்த்துட்டுத்தான் தீர்ப்பாம்.

கல்காரர்: ஆட்டிப் பார்க்கட்டுமே.

சைக்கிள்காரி: ஆடுமா?

கல்காரர்: யாரைக் கேக்கிறீங்க?

சைக்கிள்காரி: உங்களைத்தான் கேக்கிறேன். ஆடுமா, ஆடாதா?

கல்காரர்: வெயில் என்னமா அடிக்குது பாருங்க.

சைக்கிள்காரி: எனக்கு முப்பத்தஞ்சு வயசுண்ணே. உலகப் போட்டியில நாலு தடவை ரெண்டாவது வந்திருக்கேன். எங்க மெக்கானிக் என் பேரையே மறந்துட்டாரு. 'ரெண்டு, சாப்பிட்டியா? ரெண்டு, டயர்ல காத்து பார்த்தியா?' இப்படித்தான் கூப்பிடுவாரு. இன்னிக்குத்தான் வாய் நிறையப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதாரு. இதையும் புடுங்கிட்டாங்கன்னா அடுத்த வருஷம் டீம்ல எனக்கு இடமே கிடையாது.

கல்காரர்: உக்காருங்க. உக்காந்து ஒரு கணக்கு போடுவோம். ஆடும்னு வெச்சுக்குங்க. என்ன ஆகும்?

சைக்கிள்காரி: நீங்க ரகசியம் சொன்னது நிஜம்னு ஆகும். என் மெடல் போகும்.

கல்காரர்: ஆடாதுன்னு வெச்சுக்குங்க.

சைக்கிள்காரி: ரகசியமே இல்லை. மெடல் எனக்கு.

கல்காரர்: உங்களுக்கு மெடல். எனக்கு? 'ஆடாத கல்லை ஆடும்னு சொல்லிப் போட்டிக்கு வந்த பொண்ணை ஏன்யா குழப்பினே'ன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆடினா உங்க மெடல், ஆடாட்டி என் வேலை. ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாலாவது வாய் தவறிடுச்சுன்னு...

சைக்கிள்காரி: நில்லுங்க. ஒருத்தர்கிட்ட மட்டும்னா? வேற யாருக்குச் சொன்னீங்க?

கல்காரர்: இந்த வெயில்ல...

சைக்கிள்காரி: வெயிலை விடுங்க! எத்தனை பேருக்கு?

கல்காரர்: உங்களையும் சேர்த்து ஒன்பது பேருக்கு.

சைக்கிள்காரி: ஒன்பது பேருக்கும் ஏழாவது கல்லா?

கல்காரர்: சேச்சே! அவ்வளவு கஞ்சனா நான்? ஆளுக்கு ஒரு கல்லு.

சைக்கிள்காரி: அட பாவி அண்ணே...

கல்காரர்: நான் என்ன செய்யட்டும்? வந்த வரத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. ஒரு பொண்ணு பறவை பார்க்க வந்தேன்னு பைனாகுலரைத் தலைகீழா வெச்சுக்கிட்டு கல்லையே பார்க்குது. இன்னொண்ணு புருஷனை அனுப்பி வெச்சுது. அவரு பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேட்டாரு. வழி சொன்னேன். போகவே மாட்டேங்கிறாரு. அரை மணி நேரம் நின்னு ஒவ்வொரு கல்லையும் எண்ணுறாரு. அவசரம் இல்லாத மனுஷனுக்கு பாத்ரூம் எதுக்கு?

சைக்கிள்காரி: அவருக்கு எந்தக் கல்லைச் சொன்னீங்க?

கல்காரர்: முதல் கல்லை. சீக்கிரம் போகட்டும்னு. ரெண்டு பேரு ஜோடியா வந்து, 'நீ கொஞ்சம் தள்ளி நில்லு'ன்னு ஒருத்தியை ஒருத்தி விரட்டினாங்க. அப்புறம் ஒரு பெரியவரு வந்தாரு பாருங்க, அவருதான் உச்சம். கறுப்புக் கண்ணாடி, காதை மூடின தொப்பி, மூக்கு வரைக்கும் மப்ளர். அடிக்கொரு தடவை தொண்டையைச் செருமுறாரு. பூனையைக் காணோமாம்.

சைக்கிள்காரி: இந்த மலையிலயா?

கல்காரர்: அதத்தான் நானும் கேட்டேன். என்ன நிறம்யா பூனைன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, 'பூனை நிறம்'ன்னாரு.

சைக்கிள்காரி: ஐயோ... சிரிக்க வெக்காதீங்க, விலா வலிக்குது.

கல்காரர்: கடைசியில, 'பூனை எந்தக் கல்லு மேலயாவது ஏறி, அது ஆடி, விழுந்திருக்குமோ?'ன்னு கேட்டாரே ஒரு கேள்வி! பாவமா இருந்துது. இருபத்தொண்ணாவது கல்லுகிட்ட பார்த்துப் போங்கய்யான்னு சொல்லி அனுப்பினேன்.

சைக்கிள்காரி: இருபத்தொண்ணா?

கல்காரர்: ஏன்?

சைக்கிள்காரி: நெட்டச்சி ஆறு சுத்தும் இருபத்தொண்ணு வந்தாலே பிரேக் பிடிச்சா. சுத்தி வளைச்சுப் போனா. கடைசி சுத்துல அவளை நான் தாண்டினதே அங்கதான். அவ உங்ககிட்ட வந்தாளா?

கல்காரர்: வரவே இல்லையே.

சைக்கிள்காரி: அப்ப அவளுக்கு யாரு சொன்னா?

கல்காரர்: பூனை சொல்லியிருக்கும்.

சைக்கிள்காரி: ஆக, இன்னிக்கு அத்தனை பேரும் இந்த இறக்கத்துல பாம்பு மாதிரி நெளிஞ்சதுக்கு நீங்கதான் காரணம். ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?

கல்காரர்: ஏனா? மூணு வாரம்மா. முட்டி தேய மண்ணுல உக்காந்து பதிச்சேன். ஒவ்வொண்ணையும் புரட்டி, படுக்கை பார்த்து, அடியில சின்னக் கல்லா முட்டுக் கொடுத்து, மேல ஏறி நின்னு குதிச்சுப் பார்த்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போனேன். பதிச்ச மண்ணு காயல, ஒவ்வொருத்தரா வந்து, 'இதுல எது ஆடும்?' உங்க வீட்டுக்கு ஒருத்தன் வந்து, 'உங்க பிள்ளைங்கள்ல எது திருடும்'னு கேட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?

சைக்கிள்காரி: அப்ப எதுவும் ஆடாதுன்னே சொல்லியிருக்கலாமே?

கல்காரர்: முதல்ல வந்தவங்ககிட்ட எதுவும் ஆடாதுன்னு சத்தியமா சொன்னேன். 'மறைக்கிறீங்க'ன்னு சொன்னாங்க. சரி, நிஜத்தைச் சொன்னா நம்ப மாட்டாங்க, பொய்யாவது சந்தோஷமா வாங்கிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

சைக்கிள்காரி: ஷ்ஷ்... ஆள் வருது. நடுவர்தான். நான் பேசுறேன், நீங்க வாயைத் திறக்காதீங்க.

நடுவர்: க்கும்... க்கும்... ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு.

கல்காரர்: ...ஓ.

சைக்கிள்காரி: என்ன 'ஓ'?

கல்காரர்: ஒண்ணுமில்லம்மா. ஐயா வணக்கம்.

நடுவர்: வணக்கம் இருக்கட்டும். ஏழாவது கல்லு எது? இதுவா? க்கும்... நகருங்க. ஏறி நிக்கிறேன்.

கல்காரர்: பார்த்துங்கய்யா.

நடுவர்: ஏன், ஆடுமா?

கல்காரர்: கல்லு ஆடாது. உங்களைச் சொன்னேன்.

நடுவர்: ம்... ஆடலை. குதிச்சாலும் ஆடலை. கடப்பாரையைக் குடுங்க... ம்ஹூம். அசையக்கூட இல்லை.

சைக்கிள்காரி: எனக்கு அப்பவே தெரியும். இது ஆடாது.

நடுவர்: உங்களுக்கு எப்படித் தெரியும்? இவரு ஆடும்னு சொன்னதாத்தானே புகார்?

சைக்கிள்காரி: சொன்னாரு. ஆனா ஆறு சுத்தும் நான் இந்தக் கல்லு மேலதான் ஏறிப் போனேன். தலைக்கு மேல கேமரா பறந்துதே, அந்தப் படத்தைப் போட்டுப் பாருங்க.

கல்காரர்: என்னது? ஏழு மேலயா?

சைக்கிள்காரி: ஏழு மேல, எட்டு மேல, முப்பத்தெட்டு வரைக்கும். நூல் பிடிச்ச மாதிரி நேரா. பிரேக்கைத் தொடவே இல்லை.

கல்காரர்: அப்ப நான் சொன்னதை நீங்க நம்பவே இல்லையா!

சைக்கிள்காரி: கோவிச்சுக்காதீங்கண்ணே. எங்கப்பா கொத்தனாரு. வீட்டுப் படி ஒண்ணு ஆடுதுன்னு அம்மா சொன்னா போதும், சாப்பிட்ட கையைக் கூடக் கழுவாம எழுந்து போயிடுவாரு. பதிச்ச கல்லு ஆடுதுன்னு தெரிஞ்ச ஆளு அதை இன்னொருத்தருக்குச் சொல்லிக்கிட்டு நிக்க மாட்டாரு. போய் சரி பண்ணுவாரு. நீங்க சொல்லிட்டு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி சிரிச்சீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இங்க ஒரு கல்லும் ஆடாதுன்னு.

கல்காரர்: அடிப்பாவி! அப்புறம் எதுக்கு ஓடி வந்து, ஆடுமா ஆடாதான்னு என் உயிரை வாங்கினே?

சைக்கிள்காரி: நீங்க கல்லைப் பேர்த்து லாரியில ஏத்திட்டா எனக்கு சாட்சி ஏது? அதுவுமில்லாம என்னை ஏமாத்தப் பார்த்தீங்கல்ல. கொஞ்ச நேரம் வேர்க்கட்டும்னு விட்டேன்.

நடுவர்: க்கும்! போதும். படத்தைப் பார்த்துடறேன். அதுல நீங்க சொன்ன மாதிரி இருந்தா புகார் தள்ளுபடி. மெடல் உங்களுக்குத்தான்.

சைக்கிள்காரி: அண்ணே! கேட்டீங்களா!

கல்காரர்: கேட்டேன்மா. போய்க் கழுத்துல வாங்கிக்குங்க. அந்த மெக்கானிக் மறுபடி பேரை மறந்துடப் போறாரு.

நடுவர்: ஆனா உங்க விஷயம் முடியலை, கல்காரரே. ஆடாத கல்லை ஆடும்னு ஏன் சொன்னீங்க? இன்னும் எத்தனை பேருக்குச் சொன்னீங்க? இன்னிக்குப் பாதிப் பேரு இந்த இறக்கத்துல வளைஞ்சு வளைஞ்சு போனாங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

சைக்கிள்காரி: ஐயா, அவரு வேடிக்கைக்குச் சொன்னது. கேட்டவங்க மேலதானே தப்பு? நான் உட்பட.

நடுவர்: நீங்க போட்டியாளர், நீங்க பேசாதீங்க. இருங்க, நானே பார்க்கிறேன். பதினெட்டு, பத்தொன்பது... க்கும்... இது.

சைக்கிள்காரி: ஏண்ணே, ஐயா எங்க நேரா கீழ இறங்குறாரு?

கல்காரர்: பேசாம பாரும்மா.

நடுவர்: இதுவும் ஆடலை! உதைச்சாலும் ஆடலை! இதுவும் பொய்தானா?

சைக்கிள்காரி: ஐயா, அது இருபத்தொண்ணாவது கல்லு. புகார்ல ஏழுதானே இருக்கு?

நடுவர்: க்கும்... சும்மா... பொதுவாப் பார்த்தேன். அதை விடுங்க. நெட்டையா ஒரு பொண்ணு, வருஷம் பூரா உழைச்சுட்டு, இந்த மனுஷன் வாய்க் கொழுப்பால நாலு விநாடியில... அதாவது, எல்லாரும்தான். எல்லாருக்கும்தான் நஷ்டம். இது பெரிய குத்தம். அறிக்கை எழுதப் போறேன். உங்க அடையாள அட்டையைக் கழட்டிக் குடுங்க.

சைக்கிள்காரி: அண்ணே, குடுக்காதீங்க!

கல்காரர்: இருக்கட்டும்மா. இந்தாங்கய்யா, எடுத்துக்குங்க. அறிக்கையில எல்லாத்தையும் விவரமா எழுதணும். யார் யார் வந்தாங்க, என்ன வேஷத்துல வந்தாங்க, யாருக்கு எந்தக் கல்லைச் சொன்னேன், எல்லாம் நானே சொல்றேன். ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேக்கலாங்களா?

நடுவர்: சீக்கிரம் கேளுங்க.

கல்காரர்: பூனை கிடைச்சுதாங்கய்யா?