இடியின் வலது காது

உங்கள் அறையில் எதிரொலியே இல்லை, சார். பாட்டுப் பதிவுக்கு ஏற்ற அறை. முப்பது வருடம் முன்பு என் அப்பாவின் கார் ஷெட்டில்தான் எங்கள் ராக் குழுவைத் தொடங்கினோம். தகரக் கூரை. இருமினாலே காது அடைக்கும்.

புது ஆல்பத்துக்காக மூன்று பேரும் மறுபடி கூடினோம். கிட்டார் நான், டிரம்ஸ் என் மச்சான், பாட்டு இடி. அந்தக் குரலுக்காக வந்த பட்டப்பெயர். இப்போது இடிக்கு இடது காது கேட்காது. மிச்சமிருக்கும் வலது காதும் சத்தத்தைத் தாங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். சீட்டை அவன் மனைவி என்னிடம்தான் தந்தாள்.

"அண்ணே, நீங்கதான் பாத்துக்கணும். அவரு யார் பேச்சையும் கேக்க மாட்டாரு."

சீட்டை கிட்டார் பெட்டியில் பத்திரமாக வைத்தேன். ஹெட்போன் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலையும் என்னுடையதுதான்.

முதல் நாள் அவன் பாடியதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. தாலாட்டு மாதிரி இருந்தது. தன் குரல் தனக்கே கேட்காதபோதுதான் அவன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடுவான். ஷெட்டில் கற்ற பாடம் அது. அதனால் அவன் ஹெட்போனில் என் கிட்டாரை ஒரு புள்ளி கூட்டினேன். தினம் ஒரு புள்ளி. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா.

நான்காம் நாள் ஹெட்போனைக் கழற்றினான். "காதுக்குள்ள ரயில் ஓடுதுடா. கொஞ்சம் குறையேன்."

"குறைச்சிட்டேன், மாட்டிக்கோ," என்றேன். மாட்டிக்கொண்டான். அத்தனை வருடப் பழக்கம், என் வார்த்தையைச் சந்தேகிக்க மாட்டான்.

ஒன்பதாம் நாள் பழைய இடி வந்தான். என்ன குரல். உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாட்டு முடிந்து நான் நிறுத்தினேன், மச்சானும் குச்சிகளைக் கீழே வைத்தான். இடி மட்டும் கண்ணை மூடிப் பாடிக்கொண்டே இருந்தான். மச்சான் போய்த் தோளைத் தொட்டபோதுதான் நிறுத்தினான்.

வேண்டுமென்றே செய்தேனா என்கிறீர்கள். ஆமாம். ஆனால் பொறாமையில் செய்தேன் என்று மச்சான் உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்திருப்பது அபாண்டம். கூட்டம் எப்போதும் அவன் பெயரைத்தான் கூவும். நான் அதை ஒரு நாளும் மனதில் வைத்துக்கொண்டதில்லை. அந்தக் குரல் உலகத்துக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஆல்பத்தில் அதை என் கிட்டாருக்குக் கொஞ்சம் கீழே வைத்திருக்கிறேன். முடித்ததும் முதலில் அவனுக்குத்தான் போட்டுக் காட்டினேன். ஒரு குறையும் சொல்லவில்லை.