நூற்று அறுபத்தைந்தாம் கண்ணி

இந்த நாற்காலியின் பின்னங்கால் ஒன்று சற்றுக் குட்டை. உங்களுக்குத் தெரிந்திருக்காது, இந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்குத்தான் தெரியும். ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். வைக்கட்டுமா? வேண்டாமென்றாலும் பரவாயில்லை, ஆடிக்கொண்டே சொல்கிறேன். சின்னப் பிசகு எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. அது என் தொழில் தந்த பழக்கம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை. கேட்டால் உள்ளதைச் சொல்வேன். இத்தனை மாதமாக யாரும் என்னைக் கேட்கவில்லை, நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன்.

புரதம் என்பது நீளமான ஒரு சங்கிலி. அமினோ அமிலங்கள் அதன் கண்ணிகள். சங்கிலி சுருண்டு மடிந்து உருண்டையாகும்போது, பத்தாவது கண்ணியும் இருநூறாவது கண்ணியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கலாம். எந்தக் கண்ணி எதைத் தொடுகிறது, எந்தப் பிடி விட்டால் உருண்டை குலையும் என்று அட்டவணை போடுவது என் வேலை. நாலரை ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் தொடுகை. அதற்கு மேல் போனால் வெறும் அக்கம்பக்கம். ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம். பதினாறு வருடம் அதோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

சின்னவள் வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை அப்போது. ஆய்வகத்தில் எல்லாருக்கும் இளையவள் என்பதால் அந்தப் பெயர். என்னை வாய் நிறைய அக்கா என்பாள். அன்று கூட்டத்தில் நான் நாலு வருட உழைப்பைக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னேன். அவள் கையைத் தூக்கினாள்.

"அக்கா, இது உடம்புக்குள்ள நடக்கிறதே இல்லக்கா. படம் எடுக்கிறதுக்காகப் படிகமா உறைய வச்சோம் இல்ல, அப்ப நெருக்கியடிச்சுப் பக்கத்துல வந்திருக்கு. பஸ்ல பக்கத்து சீட்டுல உட்கார்ந்தவங்களப் புருஷன் பொண்டாட்டின்னு சொன்ன மாதிரி இருக்கு."

அறையே சிரித்தது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் சொன்னது சரி, அதை நான் எங்கும் மறுத்ததில்லை. ஆனால் அன்று மாலைக்குள் எனக்கு 'பக்கத்து சீட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு வாரத்தில் வாசல் காவலாளிகூட, "பக்கத்து சீட்டு மேடம் வந்துட்டாங்க" என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு வலித்தது. நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.

அவள் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். நாற்பது வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவளுக்குக் கற்றுத்தர அவ்வளவு பொறுமை வேண்டும். "தைரியமா ஓட்டுங்கக்கா. நீங்க தப்புப் பண்ணாலும் என் கால்கிட்ட இன்னொரு பிரேக் இருக்கு" என்பார். அந்தக் காலில்தான் அவருக்கு நோய். பிறவியிலேயே ஒரு நொதி குறைவு, தசைகள் வருடத்துக்கு வருடம் வலுவிழந்துகொண்டே வந்தன. கடைசியில் அந்தப் பிரேக்கை மிதிக்கவே முடியாமல் போனது. நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நொதியும் ஒரு புரதம்தான், அதை ஊசியாகச் செலுத்தலாம். ஆனால் இரத்தத்தில் சீக்கிரம் அழிந்துவிடும். வெளிப்புறத்தில் இருக்கிற ஒரே ஒரு கண்ணியை மாற்றினால் நீடித்து நிற்கும் என்று சின்னவள் கண்டுபிடித்தாள். என் அட்டவணையை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். நூற்று அறுபத்தைந்தாவது கண்ணி, லைசீன் என்கிற அமினோ அமிலம்.

இங்கேதான் எங்கள் தொழிலில் எல்லாரும் ஒரு தடவையாவது இடித்துக்கொள்கிற வாசற்படி இருக்கிறது. உடம்பு இந்தச் சங்கிலியைச் செய்து முடித்ததும் தலைப்பக்கம் இருபத்திரண்டு கண்ணிகளை வெட்டி எறிந்துவிடும். சிலர் வெட்டுவதற்கு முன்னால் இருந்த தலையிலிருந்து எண்ணுவார்கள், சிலர் வெட்டிய பிறகு. என் அட்டவணை வெட்டிய பிறகு எண்ணியது. தயாரிப்புக் கூடத்தின் படிவத்திலோ வெட்டுவதற்கு முந்தைய முழுச் சங்கிலியின் எண்ணைத்தான் எழுத வேண்டும். அவள் இருபத்திரண்டைக் கூட்டி எழுத மறந்துவிட்டாள். அப்போது மாறப்போவது என் கணக்கில் நூற்று நாற்பத்து மூன்றாவது கண்ணி. அந்த இடத்தில் வேறு அமிலம் இருந்திருந்தால், படிவத்தோடு பொருந்தவில்லையே என்று கூடத்திலேயே யாராவது பிடித்திருப்பார்கள். கெட்ட நேரம், அதுவும் லைசீன். நொதியின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருக்கிற கொக்கி அதுதான்.

படிவத்தின் அடியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அது என் கட்டம். தேநீர் ஆறுவதற்குள் பிசகைப் பார்த்துவிட்டேன். அவள் என் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டு, "நீங்க பார்த்துட்டா எனக்கு நிம்மதிக்கா" என்றாள். சரியாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் மேசையில் இருக்கிற அந்த அச்சுப் பிரதி, அது மறுநாள் நான் கணினியில் ஓட்டிப் பார்த்தது. கொக்கி இல்லாத நொதியைச் சூடேற்றினால் என்ன ஆகும் என்று. உடம்பின் சாதாரணச் சூட்டில் ஒன்றும் ஆகவில்லை, மற்றப் பிடிகள் தாங்கிக்கொண்டன. இரண்டு டிகிரி கூட்டியதும் பாதிகள் விலகின, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாயின. மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் அப்படியே. தேதியை நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். முதல் ஊசிக்கு ஐந்து மாதம் முன்னால்.

கூடத்தில் சாதாரணச் சூட்டில்தான் சோதித்தார்கள். தேறியது. அனுமதி வாங்கி, முதல் நோயாளியாக மாஸ்டரைச் சேர்த்தார்கள். வாரம் ஓர் ஊசி, ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து போட்டார். நாலாவது ஊசிக்குப் பிறகு மாஸ்டர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். இரண்டு மாடி, லிஃப்டில் ஏறாமல்.

"படியேறியே வந்துட்டேன்க்கா. உங்க கையெழுத்துக்குக் கோவில் கட்டலாம்" என்றார்.

நான் அவருக்கு நாற்காலி போட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே என்று விசாரித்தேன். அதன் பிறகு வாராவாரம் விசாரித்தேன். "எங்க அம்மாகூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க" என்று சின்னவள் கேலி செய்தாள். ஒவ்வொரு ஊசி நாளிலும் பகல் முழுக்கத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் நடக்காமல் பொழுது சாய்ந்தால் எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நீங்கள் கேட்கிறீர்களே, சொல்கிறேன். ஏமாற்றமாக இருந்தது.

பிறகு ஊரெல்லாம் ஃப்ளூ பரவியது. எனக்கும் வந்தது. ஒன்பதாவது ஊசிக்கு மூன்று நாள் முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சின்னவள் வெளிநாட்டில் கட்டுரை வாசிக்கப் போகிறாள், வழியனுப்பாமல் இருக்க முடியுமா? எனக்கு உடம்பு சுடத்தான் செய்தது. முகக்கவசம் போட்டிருந்தேன், பேச வசதிப்படவில்லை, கழற்றிவிட்டேன். மாஸ்டர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெட்டியின் எடையைப் பற்றியும் விமானத்தில் தரும் சாப்பாட்டைப் பற்றியும் பேசிச் சிரித்தோம்.

அவருக்கு என்ன ஆனது என்பது மருத்துவ அறிக்கையில் இருக்கிறது. ஊசி உள்ளே போய் நாற்பது நிமிடம். இரத்தத்தில் கட்டிகள், பிறகு மூச்சு. சின்னவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். எண்ணைத் தப்பாக எழுதியது தான்தான் என்று அவளே விசாரணையில் சொன்னாள், வேலையை விட்டாள். அடக்கத்தன்று என் தோளில் சாய்ந்து, "உங்க கண்ணுலயே படலையேக்கா, வேற யார் கண்ணுல பட்டிருக்கும்" என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவள் என்னை இன்னமும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். யாரும் என்னைப் பக்கத்து சீட்டு என்று சொல்வதில்லை.

அந்தத் தொலைபேசி அழைப்பா? ஆமாம், வந்தது. காலை பதினொன்று பத்துக்கு. மருந்தில் சந்தேகம் என்றால் கூப்பிடச் சொல்லி அவர்கள் வீட்டுச் சுவரில் இரண்டு எண்கள் ஒட்டியிருந்தன. முதலாவது சின்னவளுடையது. அவள் விமானத்தில் இருந்தாள். இரண்டாவது என்னுடையது.

"அக்கா, காலையிலேர்ந்து காய்ச்சல். நூத்தி ரெண்டு இருக்கு. நர்ஸ் ஊசியக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாங்க, உங்களக் கேக்காமப் போட மாட்டேங்கிறாங்க. போட்டுக்கலாமா, இல்ல தள்ளிப்போடலாமா?"

பின்னால் நர்ஸ் ஏதோ சொல்வது கேட்டது. மாஸ்டர் மூச்சு வாங்குவதும் கேட்டது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன், சத்தமாக இருந்ததால். "போட்டுக்கோங்க மாஸ்டர், ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. முதலிலேயே சொன்னேனே, கேட்டால் உள்ளதைச் சொல்வேன் என்று. ஊசி போட்டுக்கொள்ளலாமா என்றுதான் அவர் கேட்டார். எண் சரியா என்று அவர் கேட்கவே இல்லை.